பெட்டியா, நாசிலா? கணவாய்க் காற்றில் பூம் ஸ்பிரேயர் ஓட்டுகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் டிராக்டரில் பூம் (நாசில் என்கிற தெளிப்பு முனைகள் வரிசையாகப் பொருத்திய நீளக் குழாய்) மாட்டி மருந்து அடிக்கிறவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “ஏனுங்கண்ணா, அந்த ரேட் கன்ட்ரோலர் பெட்டி ஒண்ணு போட்டுட்டா, ஏக்கருக்கு இத்தனை லிட்டர்னு அதுவே பாத்துக்குமாமா?” பார்த்துக்கொள்ளும். ஆனால் எதை விட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் நல்லது.

பெட்டிக்குள் மாயம் ஒன்றும் இல்லை. பம்புக்கும் பூமுக்கும் நடுவில் ஒரு ஃப்ளோ மீட்டர் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று எண்ணுகிறது. சக்கரத்திலிருந்தோ ஜி.பி.எஸ்.ஸிலிருந்தோ வண்டியின் வேகம் வருகிறது. பூமின் அகலத்தை நாம் முன்பே பதிந்து வைத்திருக்கிறோம். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, நாம் கேட்ட அளவுக்குக் குறைந்தால் மோட்டார் வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். அதற்குத் தெரிந்த வேலை அழுத்தம் ஒன்றுதான். கியரை அது தொடாது, நாசிலை மாற்றாது.

இங்கேதான் சிக்கல். நாசிலிலிருந்து வரும் தண்ணீர் அழுத்தத்துக்குச் சமமாகக் கூடுவதில்லை, அதன் வர்க்கமூலத்தின்படி கூடுகிறது. தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு ஏற வேண்டும்.

ஒரு சாதாரண பூமை எடுத்துக்கொள்வோம். 12 மீட்டர் அகலம், 50 செ.மீ.க்கு ஒன்றாக 24 நாசில், எல்லாமே நீல நிறத் தட்டை விசிறி நாசில் (நிறம்தான் நாசிலின் அளவைச் சொல்லும்). 3 கிலோ பிரஷரில், அதாவது சதுர செ.மீ.க்கு 3 கிலோ அழுத்தத்தில், ஒரு நீல நாசில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.18 லிட்டர் விடும். வண்டி மணிக்கு 5 கி.மீ. போனால் ஏக்கருக்கு 115 லிட்டர் விழும். பெட்டியில் 115 என்று பதிந்தாயிற்று. இப்போது மழை வருகிறது என்று டிரைவர் வண்டியை 7 கி.மீ.க்கு விரட்டுகிறார். பெட்டி 115-ஐ விடாது. விடாமல் பிடிக்க அழுத்தத்தை 5.9 கிலோவுக்கு ஏற்றிவிடும். வரப்போரம் திரும்பி 3.5 கி.மீ.க்கு இறங்கினால் அழுத்தம் 1.5 கிலோவுக்கு விழும். விசிறி சுருங்கி, இரண்டு நாசிலுக்கு நடுவே மருந்து படாத கோடு விழும். சாதாரணத் தட்டை விசிறி 2 முதல் 4 கிலோவுக்குள்தான் ஒழுங்காக விரியும். அந்த எல்லைக்குள் பெட்டியால் சமாளிக்க முடிந்த வேகம் 4.1 கி.மீ.யிலிருந்து 5.8 கி.மீ. வரை. அவ்வளவுதான். அதற்கு மேலும் கீழும் திரையில் 115 என்றுதான் காட்டும், காட்டில் நடப்பது வேறு.

மற்ற ஊர்க்காரர்களைவிட இது நமக்கு ஏன் கூடுதல் தலைவலி என்றால், காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கே இருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. அம்மி பறக்கிற ஆடிக் காற்றில் 6 கிலோ பிரஷரில் பொடித்த மருந்துத் தூறல் எந்தக் காட்டில் போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. கரும்புக்கு 2,4-டி களைக்கொல்லி அடிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி இருந்தால் இரண்டொரு நாளில் இலை சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். மல்பெரி இருந்தால் பூச்சி மருந்து கொஞ்சம் பட்டால் போதும், அந்தத் தழையைத் தின்கிற பட்டுப்புழுவைக் கூடை கூடையாகக் கொட்ட வேண்டியதுதான். பிறகு பஞ்சாயத்து, பேச்சுவார்த்தை, பேசாமல் போகிற உறவு.

ஆகவே ஏக்கருக்கு விழும் லிட்டர் அளவை மாற்ற நம் கையில் இருக்கும் மூன்றையும் எந்த வரிசையில் தொடுவது என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அளவைப் பெரிதாக மாற்றுவதானால் நாசில். நடுத்தரமாக மாற்றுவதானால் கியர். கடைசியில் ஐந்து, பத்து சதவீதம் சரிக்கட்டத்தான் பிரஷர். நம் பக்கம் வழக்கம் இதற்கு நேர் எதிர். எது குறைந்தாலும் பிரஷர் ரெகுலேட்டரைத்தான் முறுக்குகிறோம்.

கணக்கைப் பார்த்தால் புரியும். மேலே சொன்ன பூமில் 115 லிட்டருக்குப் பதில் 200 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரஷரால் மட்டும் எட்டுவதானால் 9 கிலோ வேண்டும், காடு முழுக்கப் பனிமூட்டம். கியரால் எட்டுவதானால் 2.9 கி.மீ. வேகம், முடியும், ஆனால் ஒரு நாள் வேலை ஒன்றே முக்கால் நாளாகும். பழுப்பு நிற நாசில் மாட்டினால் அதே 5 கி.மீ., அதே 3 கிலோவில் 191 லிட்டர். பம்ப் மட்டும் நிமிடத்துக்கு 47 லிட்டர் பூமுக்குக் கொடுத்து, அதற்கு மேல் டேங்கைக் கலக்கவும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாசில் மாற்றியும் பிரஷர் நிற்காது. எதிர்ப்பக்கம் போய் மஞ்சள் நாசில் மாட்டினால் 77 லிட்டர்.

இந்த நிறக் கணக்கு உலகத் தரப்படி செய்த நாசில்களுக்கு மட்டும். கடையில் எடை போட்டுத் தருகிற பித்தளை நாசிலுக்கு நிறமும் இல்லை, கணக்கும் இல்லை.

அந்த 200 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகில் மாட்டும் தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்பது பழைய வழக்கம். மருந்து லேபிளிலும் பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான். நம் வாயில் அது “டேங்குக்கு இத்தனை மில்லி” என்று நின்றுவிட்டது. பூமுக்கு வந்த பிறகும் அதே மில்லியைக் கலந்தால் என்ன ஆகும்? 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி மக்காச்சோளக் காடுகளில் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 மருந்தை லிட்டருக்கு 0.4 மில்லி என்று அடிக்கிறார்கள். 200 லிட்டர் தண்ணீரில் ஏக்கருக்கு 80 மில்லி சேரும். பூமில் 115 லிட்டர்தான் விழுகிறது, கலவை அதே 0.4 என்றால் ஏக்கருக்கு 46 மில்லி. பாதிக்குக் கொஞ்சம் மேலே. புழு சாகவில்லை, மருந்து டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை. தண்ணீர் குறைந்தாலும் ஏக்கருக்குச் சேர வேண்டிய மருந்து குறையக்கூடாது, அந்தக் குறைந்த தண்ணீருக்கு லேபிள் இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பெட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்தக் கணக்கை யாரும் நமக்காகப் போட்டுத் தர மாட்டார்கள்.

இனி ஒவ்வொரு வழியாக.

முதல் வழி: பெட்டி இல்லை, கியரும் ரெகுலேட்டரும்

என் கணிப்பில் 15 ஏக்கருக்கு உள்ளே சொந்தக் காடு வைத்திருப்பவருக்கு இது போதும். போதும் என்றால் இப்போது செய்கிறபடி அல்ல. அளந்து செய்தால்.

அளப்பதற்கு நம் ஊர்க் கணக்கே நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். நாசில் இடைவெளி 50 செ.மீ. என்றால், வண்டி 81 மீட்டர் போகும்போது ஒரு நாசில் சரியாக ஒரு சென்ட் நிலத்தை நனைக்கிறது. அதனால் காட்டில் 81 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, டேங்கில் பாதித் தண்ணீரோடு, வேலை செய்கிற அதே கியரில், அதே எஞ்சின் வேகத்தில் ஓட்டி எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்துக்கொள்ளுங்கள். தார் ரோட்டில் பார்த்தால் தப்பாகும், காட்டு மண்ணில்தான் பார்க்க வேண்டும். முதல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே வண்டி ஓடி வர வேண்டும். பிறகு வண்டியை நிறுத்தி, பம்பை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அத்தனை வினாடிக்கு ஒவ்வொரு நாசிலின் கீழும் அளவு ஜக் பிடியுங்கள். ஜக்கில் விழுந்த லிட்டரை 100-ஆல் பெருக்கினால் ஏக்கர் அளவு. 1.15 லிட்டர் என்றால் 115. நாசில் இடைவெளி 45 செ.மீ. உள்ள பூம் என்றால் குச்சியை 90 மீட்டரில் நடுங்கள். வெறும் தண்ணீரில் செய்யுங்கள், மருந்து கலந்து அல்ல.

24 நாசிலுக்கும் பிடிக்கச் சோம்பலாக இருக்கும். ஆனால் அதில்தான் விஷயம் வெளிவருகிறது. ஒன்றில் 1.15, பக்கத்தில் 1.32, ஓரத்தில் 0.9 என்று வரும். புது நாசிலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம் விடுகிற நாசில் தேய்ந்துபோனது, தூக்கிப் போட வேண்டியது. குறைவாக விடுவது அடைப்பு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும், ஊசி விட்டு நோண்டக்கூடாது. பல் துலக்கும் பழைய பிரஷ் போதும்.

அடுத்தது பிரஷர் காட்டும் கேஜ். நம் ஊரில் பூமோடு வருவது எச்.டி.பி. என்கிற பிஸ்டன் பம்ப். அதே பம்பில்தான் தென்னைக்கும் மாவுக்கும் ஸ்பிரே கன் மாட்டி 20, 25 கிலோவில் அடிக்கிறோம். அதனால் அதில் இருக்கும் கேஜ் 60 கிலோ வரை காட்டுவது. அந்த வட்டத்தில் 3 கிலோவுக்கும் 4 கிலோவுக்கும் முள் அரை மயிரிழைகூட நகராது. டிரைவர் “மூணுலதான் வச்சிருக்கறனுங்க” என்பார், உண்மையிலேயே அப்படி நம்பித்தான் சொல்வார். 10 கிலோ கேஜ் ஒன்று வாங்கி, பம்பில் அல்ல, பூமுக்குப் போகிற லைனில் மாட்டுங்கள். பம்பில் 4 காட்டும்போது ஓஸ், ஃபில்டர் எல்லாம் தாண்டி நாசிலில் 3 தான் இருக்கும், நமக்கு வேண்டியது அந்த 3. கன் அடிக்கும் நாளில் அந்த லைனை அடைக்க ஒரு காக் வையுங்கள், மறந்தால் அந்த கேஜ் அன்றோடு சரி.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. ஸ்பிரிங் ரெகுலேட்டர் பிரஷரை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும், வண்டி வேகம் குறைந்தால் அளவு கூடும். 5-இலிருந்து 4 கி.மீ.க்கு இறங்கினால் 115 லிட்டர் 143 ஆகிவிடும். சித்தூர் தாலுகாவின் கரிசல் மண்ணில் ஈரம் இருக்கும்போது இது நடக்கும்.

இதற்குச் செலவில்லாத ஒரு மருந்து உண்டு, பலருக்கும் தெரியாது. மிச்சத் தண்ணீர் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் ஸ்பிரிங் ரெகுலேட்டருக்குப் பதில் திருகு டேப்பால் பிரஷரை வைப்பது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிடக் கூடாது, பாதுகாப்புக்காகச் சற்று மேலே, 6, 7 கிலோவில் சும்மா நிற்கட்டும். டேப்பை ஒரே இடத்தில் வைத்துவிட்டால், பம்பிலிருந்து வரும் தண்ணீர் பூமுக்கும் ரிட்டர்னுக்கும் எப்போதும் ஒரே விகிதத்தில் பிரியும். பிஸ்டன் பம்பின் தண்ணீர் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், அதே கியரில் வண்டியின் வேகமும் எஞ்சினோடுதான் ஏறி இறங்கும். எஞ்சின் பத்து சதவீதம் தளர்ந்தால் இரண்டும் பத்து சதவீதம் குறையும், ஏக்கர் அளவு மாறாது. பெட்டி செய்கிற வேலையில் பாதியை ஒரு டேப் செய்துவிடுகிறது. கியர் மாற்றினால் மட்டும் டேப்பை மறுபடி வைக்க வேண்டும். சக்கரம் வழுக்கினால் இதற்குத் தெரியாது.

இரண்டாம் வழி: காட்டும், கைவைக்காது

ஃப்ளோ மீட்டரும் வேகமும் திரையும் மட்டும் இருக்கும், வால்வைத் திருகும் மோட்டார் இருக்காது. ஏக்கருக்கு இப்போது எவ்வளவு விழுகிறது, இதுவரை எத்தனை ஏக்கர் ஆயிற்று, டேங்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்று காட்டும். திருத்துவது டிரைவர். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏக்கர் கணக்கில் காட்டுக்காரரோடு வாக்குவாதம் வராது. அதைவிட முக்கியம், எண் மாறுவதை டிரைவரே பார்ப்பதால் காலைக் கட்டுப்படுத்துவார். முழு பெட்டி போட்ட வண்டியில் அவர் திரையைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், எப்போதும் 115 என்றுதானே காட்டுகிறது.

மூன்றாம் வழி: முழு பெட்டி

பெரிய, நீளமான காடாக இருந்தால் பெட்டி தன் காசுக்கு வேலை செய்யும். கிழக்கே மக்காச்சோளக் காடுகளில் 300 மீட்டர் ஒரே சாலாக ஓடலாம். நம் பக்கம் வரப்புக்கு வரப்பு 50 மீட்டர். 5 கி.மீ. வேகத்தில் அது 36 வினாடி. சால் தொடங்கும்போது பெட்டி சரியான அழுத்தத்தைத் தேடிப் பிடிக்க 5 வினாடி எடுத்தால் 7 மீட்டர் போயிற்று, அதாவது சாலில் ஏழில் ஒரு பங்கு தப்பான அளவு. அதுவும் ஒவ்வொரு சாலிலும்.

வாங்கிவிட்டவர்கள், அல்லது வாங்கியே தீருவேன் என்கிறவர்கள், கீழே சொல்கிற அமைப்புகளில் நேரம் செலவழியுங்கள். பொருத்த வருகிறவர் அரை மணி நேரத்தில் பதிந்துவிட்டுப் போன எண்களை நம்பி ஒரு பருவம் ஓட்டக்கூடாது.

முதலில் அலகு. வெளிநாட்டுப் பெட்டிகள் ஹெக்டேருக்கு லிட்டர் கேட்கும், சில ஏக்கருக்கு கேலன் கேட்கும். ஏக்கர் என்று நினைத்து 200 பதிந்தால், ஹெக்டேர் கேட்கிற பெட்டி ஏக்கருக்கு 81 லிட்டர்தான் விடும். நம் 115 லிட்டர் என்பது ஹெக்டேருக்கு 284, அமெரிக்க கேலனில் ஏக்கருக்கு 30. முன்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஃப்ளோ மீட்டர் எண். லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்று மீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது அது சரி. நம் போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ளே சுற்றும் காற்றாடியில் சுண்ணாம்பு படிந்து மெல்ல மந்தமாகும். சரிபார்க்க 40 லிட்டர் பால் கேன் இருக்கிறதே, நம்மிடம் இல்லாத வீடா. கணக்காக அளந்த கேனில் ஐந்து முறை, 200 லிட்டர் டேங்கில் ஊற்றிக் கடைசிவரை பூம் வழியாக விட்டுப் பாருங்கள். திரை 210 என்று காட்டினால், இருக்கும் எண்ணை 210-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்தால் புதிய எண். நனையும் தூள் மருந்து அடிக்கிற நாளில் மீட்டரைக் கழுவாமல் விட்டால் மறுநாள் இந்தப் பாடு எல்லாம் வீண்.

வேகம் எங்கிருந்து எடுப்பது என்பதில் இரண்டு கட்சி. சக்கர சென்சார் உடனே சொல்லும், ஆனால் பின்சக்கரத்தில் வைத்தால் ஈரத்தில் வழுக்குவதையும் வேகமாக எண்ணிவிடும். முன்சக்கரத்தில், இழுவை இல்லாத சக்கரத்தில், வைப்பது மேல். டேங்க் நிறைந்திருக்கும்போது சுற்றளவும் காலியானபோது சுற்றளவும் சற்று மாறும், பாதி டேங்கில் அளந்து பதிவது அதற்காகத்தான். ஜி.பி.எஸ்.ஸுக்கு வழுக்கல் தொல்லை இல்லை. கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஓரிரு வினாடி பின்தங்கும், தென்னந்தோப்பு ஓரத்தில் சிக்னலும் தடுமாறும். எங்கள் பக்கம் எந்தக் காட்டுக்குத்தான் தென்னை ஓரம் இல்லை? சின்னக் காடு, தோப்பு ஓரம் என்றால் முன்சக்கர சென்சார். திறந்த பெரிய காடு என்றால் ஜி.பி.எஸ்.

வால்வின் வேகம்தான் எல்லோரையும் படுத்துகிற எண். அதிகமாக வைத்தால் வால்வு இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி, கேஜ் முள் ஊஞ்சலாடும். குறைவாக வைத்தால் சால் பாதி முடிகிறவரை எட்டாது. முள் ஆடத் தொடங்கும் வரை கூட்டி, அங்கிருந்து சற்றுக் குறைத்து வைப்பது நடைமுறை. கூடவே எத்தனை சதவீத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண் இருக்கும். அதை ஒன்றில் வைத்தால் வால்வு மோட்டார் ஓயாமல் ஆடி தேயும். மூன்று வைத்தால் பயிருக்கு ஒன்றும் குறையாது. வால்வு பூம் லைனில் இருக்கிறதா, ரிட்டர்ன் லைனில் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் தப்பாகச் சொன்னால், தண்ணீர் குறையும்போது இன்னும் குறைக்கும். முதல் நாளே தெரிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

பூம் அணைத்ததும் வால்வு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று ஒரு தேர்வு சில பெட்டிகளில் உண்டு. சின்னக் காட்டுக்கு அதை அவசியம் போடுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது தண்ணீர் போகவில்லையே என்று வால்வு முழுக்கத் தேடிப் போய், அடுத்த சால் தொடக்கத்தில் ஒரு குப்பென்ற அடி விழும். குறைந்தபட்ச பிரஷர் 2 கிலோ என்று பதிந்துவிடுங்கள். மேல் எல்லை பதிய இடமிருந்தால் 4. மேல் எல்லை இல்லாத பெட்டியைக் கணவாய்க் காற்றுக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அதில் அளவு கூடும்போது சிவப்பு விளக்கு எரிகிறது என்று விற்பவர் சொல்வார். வேண்டியது அழுத்தம் கூடும்போது எரிகிற விளக்கு.

இன்னொன்றையும் பெட்டி பார்க்காது. ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் மொத்தத் தண்ணீர் குறைகிறது. பெட்டி அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி மற்ற 23 நாசிலிலும் கூடுதலாக விட்டு மொத்தக் கணக்கை நேராக்கிவிடும். திரையில் 115. அடைத்த நாசிலின் கீழே ஒரு சால் களை நிமிர்ந்து நிற்கும். கை ரெகுலேட்டர் வண்டி என்றால் டேங்க் முடிய நேரமாகிறதே என்று டிரைவருக்காவது சந்தேகம் வந்திருக்கும்.

நாசிலின் நிறத்தை மாற்றாமல் பெட்டியின் எல்லையை அகலப்படுத்த ஒரு வழி, காற்றிழுக்கும் நாசில். பக்கத்துத் துளை வழியே காற்றை உள்ளே இழுத்துத் துளியைப் பெரிதாக்கி அனுப்பும். 2 முதல் 8 கிலோ வரை தாங்குகிற வகை என்றால், அதே 115 லிட்டருக்கு 4.1-இலிருந்து 8.2 கி.மீ. வரை வேகம் மாறலாம், தூறல் பறப்பதும் நன்றாகக் குறையும். களைக்கொல்லிக்கும் சோளக் குருத்துக்குள் இறங்க வேண்டிய மருந்துக்கும் பெரிய துளி ஒத்துவரும். இலையின் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்கு ஒத்துவராது. பெட்டி போடுகிறவர் இந்த நாசிலையும் சேர்த்து வாங்கினால்தான் பெட்டிக்கு அர்த்தம் வருகிறது என்பது என் கட்சி.

நான்காம் வழி: ட்ரோனை வாடகைக்குக் கூப்பிடுவது

இதில் அளவுக் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கிறது. பறக்கும் வேகத்துக்கு ஏற்பப் பம்ப் ஏறி இறங்கும், நாம் பதிவது ஏக்கருக்கு லிட்டர், அகலம், உயரம், வேகம். ஏக்கருக்கு 10 லிட்டர் அளவில்தான் தண்ணீர். சேற்று வயலுக்கும் ஆள் உயரக் கரும்புக்கும் பூமால் நுழைய முடியாத இடத்துக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்த 10 லிட்டரில் ஏக்கருக்கான மருந்து முழுவதும் இருக்கிறது, கலவை அத்தனை கெட்டி. அதுவும் மேலிருந்து விழுகிறது. எந்த மருந்தை ட்ரோனில் அடிக்கலாம் என்பதற்குத் தனி அனுமதி உண்டு, ஓட்டுகிறவருக்கு 2021 ட்ரோன் விதிகளின்படி சான்றிதழ் வேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்ததும் கேரளத்தில் யாரும் மறக்கவில்லை. வானத்திலிருந்து மருந்து என்றால் பக்கத்து வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, காற்று எழும் முன் விடிகாலையில் அடிப்பதானால் சரி. ஆடியில் வேண்டாம்.

மாநில எல்லைக் கணக்கு ஒன்று இடையில். கேரள அரசு 2019-இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. பொள்ளாச்சிப் பக்கம் வேலை முடித்து மீனாட்சிபுரம் வழியாக இந்தப் பக்கம் வருகிற வாடகை வண்டி, டேங்கையும் பூமையும் மூன்று முறை கழுவாமல் உள்ளே வரக்கூடாது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, ஓஸில் மிச்சமிருக்கும் களைக்கொல்லி முதல் சாலிலேயே பயிரில் தெரியும். மீட்டருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள தண்ணீரும் சேர்த்துத்தான் கழுவுவது, பெட்டி போட்ட வண்டியில் இந்த இடம் கூடுதல்.

யாருக்கு எது

மூன்று, நான்கு ஏக்கர் வைத்துக்கொண்டு பூம் வாங்கலாமா என்று கேட்கிறவர் வாங்க வேண்டாம், வாடகைக்குக் கூப்பிடட்டும். வந்தவரிடம் 81 மீட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும், அதற்கு மறுக்கிறவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

சொந்தக் காட்டுக்கு மட்டும் ஓட்டுகிறவர் பெட்டிக்கு வைத்திருக்கும் காசை இப்படிச் செலவழிக்கலாம்: 10 கிலோ கேஜ், ரிட்டர்ன் டேப், ஒரே பிடியில் மூன்று நாசில் மாட்டித் திருப்பிக்கொள்ளும் ஹோல்டர். அதில் மஞ்சள், நீலம், பழுப்பு மூன்றும் இருந்தால் களைக்கொல்லிக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று, அடர்ந்த பயிருக்கு ஒன்று என்று கீழே குனிந்து ஒரு திருப்பு திருப்பினால் போதும். பெட்டியின் விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

எல்லையின் இரண்டு பக்கமும் வாடகைக்கு ஓட்டுகிறவர் முதலில் இரண்டாம் வழியில் சொன்ன, காட்ட மட்டும் செய்கிற பெட்டியை வாங்கட்டும். அதோடு அந்த மூன்று நாசில் ஹோல்டர். ஒரு பருவம் ஓட்டிய பிறகு தன் வேலையில் பெரும்பகுதி கிழக்கே நீளமான சோளக் காடுகளில்தான் என்று தெரிந்தால், அதே மீட்டரிலேயே மோட்டார் வால்வைச் சேர்த்து முழு பெட்டியாக்கிக்கொள்ள இடமிருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு வைக்கலாம். சில மாடல்களில் முடியும், சிலவற்றில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிதாகத்தான் போட வேண்டும். விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

பழைய பெட்டி விலைக்கு வருகிறது என்றால், பூமில் தண்ணீர் ஓட விட்டு ஒரு பகுதியை மட்டும் அணைத்துப் பாருங்கள். அகலம் குறைந்ததைப் பெட்டி உணர்ந்தால் மற்றப் பகுதிகளில் பிரஷர் அதே இடத்துக்குத் திரும்பும். ஏறி நின்றுவிட்டால் பகுதி ஸ்விட்சின் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது அகலம் பதியவே இல்லை. இரண்டாவது என்றால் பேரம் பேசுங்கள்.